போக விடுகிறோம் என்றார்கள்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சோப்புத் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கிறது, களிம்பு போடுகிறேன். உன் காதுக்குள் கேட்கிற அந்த இரைச்சல் குறைந்ததா? உன் மனைவி சுகமா? நான் கிளம்பி இந்த நாட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. வீடு உங்கள் இரண்டு பேருக்கும் இப்போது விசாலமாக இருக்கும்.

இந்த முதியோர் இல்லத்தில் முப்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள். அதில் எட்டுப் பேர் என் பொறுப்பு. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் கூடத்துக்குத் தள்ளிப்போவது. அதுபோக, தரை துடைக்கிற மருந்துக் கேன்களைக் கிடங்கிலிருந்து மாடிக்குச் சுமந்து வருவதும் என் வேலை. வேலை பழகிவிட்டது. பேச்சுத்தான் பழகவில்லை.

முந்தாநாள் காலை சுருட்டை நர்ஸ் (சுருட்டை முடி, பெயர் என் வாயில் நுழையாது) என்னிடம் வந்து, "ஏழாம் ரூம்காரர் இன்னைக்கு அண்டர் தி வெதர்" என்றாள். வெதர் என்றால் வானிலை என்று எனக்குத் தெரியும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மனிதர் மழையில் போய் நிற்கிறார் போலிருக்கிறது என்று குடையை எடுத்துக்கொண்டு தோட்டம் முழுக்கத் தேடினேன். தொப்பலாக நனைந்து திரும்பிவந்தால், அவர் கழுத்து வரை போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் துணி மாற்றுகிற அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

அவர்கள் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெரிகிறது தம்பி. சேர்த்துச் சொன்னால் தெரியவில்லை. நீ பதினொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவன். காது மட்டும் கேட்டிருந்தால் ஒரு போன் போட்டுக் கேட்டிருப்பேன். இனி கடிதத்தில்தான் கேட்க வேண்டும்.

உன் அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. கையுறை தரமாட்டார்களா? கேட்டு வாங்கிப் போட்டுக்கொள். இரைச்சல் குறையவில்லை, அது பாட்டுக்கு இருக்கிறது. அவள் சுகமாக இருக்கிறாள்.

நீ குடையோடு தோட்டத்தைச் சுற்றிய இடத்தைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். எவ்வளவு சத்தமாகச் சிரித்தேன் என்று எனக்குத் தெரியாது. அச்சகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அதை வைத்துத்தான் தெரிந்தது. அண்டர் தி வெதர் என்றால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். காய்ச்சல், சளி, அசதி மாதிரி.

அவர்களைக் குறை சொல்லாதே. நாமும் அப்படித்தான். ஒருத்தனுக்குத் தலைக்கனம் என்று சொன்னால் தராசா தேடுகிறோம்? கையை விரித்துவிட்டான் என்றால் அவன் விரலையா எண்ணிப்பார்க்கிறோம்? அந்தப் பாஷைக்குள் பிறந்தவனுக்கு அது உறைக்காது, வெளியிலிருந்து வருகிறவர்தான் முட்டிக்கொள்வார்.

காதில் விழுவதை விழுந்தபடி தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு. நான் அர்த்தம் எழுதுகிறேன். வகுப்பறையை விட்டு வந்த பிறகு என்னிடம் யாரும் அர்த்தம் கேட்பதில்லை.

தம்பி

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

கையுறை கொடுத்துவிட்டார்கள், புண் ஆறுகிறது. நீயும் அவளும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவள் கடிதத்தின் அடியில் ஒரு வரி எழுதியிருக்கலாம். பரவாயில்லை.

ஏழாம் அறைக்காரர் எழுந்து நடமாடுகிறார். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவராம். இப்போதும் நாற்காலியில் உட்கார்ந்ததும் இடது கை தானாகக் கியரைத் தேடும். நேற்று என்னிடம், "இந்தக் கட்டடத்தையே நான்தான் வாங்கப்போறேன், உனக்குச் சம்பளம் கூட்டித் தர்றேன்" என்றார். நான் நம்பி நன்றி சொன்னேன். உடனே, "புல்லிங் யுவர் லெக்" என்றார். காலை இழுக்கிறாராம். நான் இரண்டு முழம் தள்ளி நிற்கிறேன், அவர் கை மடியில் கிடக்கிறது. இருந்தாலும் ஓரடி பின்னால் போய்விட்டேன்.

"உங்க மகன் வருவாரா?" என்று கேட்டேன். "ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்" என்றார். நீல நிலா என்றைக்கு வரும்? பௌர்ணமிக்கு முன்னாலா, பின்னாலா? அவருக்கு அன்றைக்கு நல்ல சட்டை போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்.

என் அறை பஸ் டிப்போவுக்கு மேலே. காலையில் ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். எல்லா வண்டியும் போன பிறகு நான் எழுந்திருப்பேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் சுருட்டை நர்ஸ் தன் பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விடுகிறாள். பாதி புரிகிறது, பாதிக்குத் தலையாட்டுகிறேன். நாள் முழுக்க எனக்கு அதுதான் பேச்சு.

அக்கா

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கை ஆறியது நிம்மதி. நானும் நன்றாக இருக்கிறேன்.

முதலில் கால். புல்லிங் யுவர் லெக் என்றால் கேலி செய்வது, விளையாட்டுக்குப் பொய் சொல்வது. நம்மிடம் ஒருவன் காலை வாரிவிட்டான் என்றால் கவிழ்த்துவிட்டான் என்று பயப்பட வேண்டும். அங்கே இழுத்தால் சிரித்துவிட்டுப் போகலாம்.

நிலாவுக்குக் காத்திருக்காதே. ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன் என்றால் அத்தி பூத்தாற்போல. வருவதே இல்லை என்பதை மரியாதையாகச் சொல்வது. நல்ல சட்டையை இன்றைக்கே போட்டுவிடு.

அச்சகத்தில் எனக்குப் புதிதாகக் கொடுத்திருக்கும் வேலை டெலிபோன் டைரக்டரி. காது கேட்காதவனைப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். காலை முதல் மாலை வரை மற்றவர்கள் வீட்டு நம்பரைப் பிழை திருத்துகிறேன். ஏதாவது சொல்வதென்றால் துண்டுச் சீட்டில் எழுதி மேஜையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். "டீ", "மை இல்லை", "நாளை லீவு". மூன்று வார்த்தையைத் தாண்டி யாரும் எழுதுவதில்லை.

போன ஞாயிறு முட்டையை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனேன். தண்ணீர் வற்றி முட்டைகள் வெடித்துக் கூரை வரை போயிருக்கின்றன. எனக்குக் கேட்கவில்லை. கருகின வாடை வந்த பிறகுதான் ஓடினேன். கூரையைத் துடைக்க நாற்காலி போட்டு ஏறினேன். பயப்படாதே, விழவில்லை.

தம்பி

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். முட்டை வெடித்தபோது அவள் எங்கே போயிருந்தாள்? அவளுக்குக் காது நன்றாகக் கேட்குமே.

இங்கே ஒரு கெட்ட காரியம் நடந்துவிட்டது. போன செவ்வாய் மத்தியானம் பஸ் டிரைவர் விழுந்துவிட்டார். நான் எட்டாம் அறையில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினால், குளியலறை வாசலில் நாற்காலி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். சக்கரத்துக்குப் பிரேக் போடவில்லை. அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது சுருட்டை நர்ஸ். யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு நிமிஷம் நகர்ந்திருக்கிறாள். அவருக்கு இடது கை முறிந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலியிலும் என்னைப் பார்த்து ஏதோ சிரிக்கப் பார்த்தார்.

அப்புறம் சுருட்டை நர்ஸ் என்னைத் துணி அலமாரிக்குப் பின்னால் இழுத்துப்போய், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்களாம். "எனக்கு மூணு பிள்ளைங்க. இந்த ஒரு தடவை எனக்காக கேரி தி கேன், ப்ளீஸ்" என்றாள். கேன் தூக்குவதற்கா இவ்வளவு அழுகை? தினமும் பத்துக் கேன் தூக்குகிறவள் நான். "அழாதே, நான் தூக்கிக்கிறேன்" என்றேன். என் உள்ளங்கையில் முத்தம் வைத்தாள். எனக்கே கூச்சமாகிவிட்டது. அன்று சாயங்காலம் அவள் பங்குக் கேன்களையும் நானே மாடிக்கு ஏற்றினேன்.

மறுநாள் மேலாளரம்மா கூப்பிட்டு, விழுந்ததைப் பற்றிய அறிக்கை என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். "நீதானே அவர்கூட இருந்தே?" என்று கேட்டார். நான்தானே தூக்கி உட்காரவைத்தேன். ஆமாம் என்றேன். கேரி தி கேன் என்பதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லையே? சும்மா கேட்கிறேன்.

உன்னைப் பார்க்க வர லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்ப்போம்.

அக்கா

மார்ச் 31

அன்புள்ள தம்பிக்கு,

நீ அந்தக் கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதியிருக்கமாட்டாய். அதற்குள் இது. சுகமாக இருக்கிறாயா? நான் ரொம்பச் சுகம்.

லீவு கிடைத்துவிட்டது. இன்று மேலாளரம்மா கதவைச் சாத்திவிட்டு, என்னை உட்காரச் சொல்லி, மெதுவாகப் பேசினார். விழுந்ததைப் பற்றி ஏதோ சொன்னார், அது சரியாகப் புரியவில்லை. கடைசியில், "ஸாரி, வி ஹேவ் டு லெட் யூ கோ" என்றார். இது எனக்கே புரிந்தது. போக விடுகிறோம் என்கிறார். அடுத்த மாதம் முடியும்வரை வேலை பார்த்துவிட்டுப் போகலாமாம். இவ்வளவு நாள் தாமதம் ஆனதற்காக ஸாரி சொல்கிறார் போலிருக்கிறது. நான் எழுந்து நின்று இரண்டு தடவை நன்றி சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனுஷி.

எத்தனை நாள் லீவு என்று கேட்க வெட்கமாக இருந்தது. ஒரு மாதமாவது இருக்கும். அவளுக்கு ஒரு சால்வை வாங்கிவிட்டேன், சாம்பல் நிறம். உனக்கு எழுதுவதற்கு நல்ல பேனா. மாடி அறையை எனக்காக ஒழிக்க வேண்டாம், கூடத்தில் ஒரு பாய் போதும். நான் வருவதால் உங்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்கக் கூடாது. நாள் முழுக்க நானும் அவளும் பேசிக்கொண்டிருப்போம், சாயங்காலம் நீ வந்ததும் என்ன பேசினோம் என்று எழுதிக் காட்டுவோம்.

இன்று கூடத்தைத் துடைக்கும்போது பாடிக்கொண்டே துடைத்தேன் என்று ஐந்தாம் அறை அம்மாள் சொன்னார்.

அக்கா

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் கிடைத்தன. நீ நன்றாக இருக்க வேண்டும். இதைத் தனியாக உட்கார்ந்து படி.

கேரி தி கேன் என்றால் பழியைச் சுமப்பது. கேனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. செய்தவன் ஒதுங்கிக்கொள்ள, செய்யாதவன் தலையில் கட்டுவார்களே, அது. அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது, ஊகிக்க முடிகிறது. இனி எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே.

மேலாளர் சொன்னதன் அர்த்தத்தை எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். எனக்குக் கை வரவில்லை. இதோடு இன்னொரு உறை இருக்கிறது. அதில் நடந்ததையெல்லாம், நீ எப்படிப் புரிந்துகொண்டாய் என்பதையும் சேர்த்து, இங்கிலீஷில் மேலாளருக்கு எழுதியிருக்கிறேன். உனக்கு நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து முதலில் படிக்கச் சொல். பிறகு மேலாளர் கையில் நீயே கொடு. தள்ளிப்போடாதே.

தம்பி

ஏப்ரல் 29

அன்புள்ள தம்பிக்கு,

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது, ஆனாலும் கேட்கிறேன்.

உன் உறையைப் பஸ் டிரைவரிடம் கொடுத்தேன். கட்டுப் போட்ட கையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "உன் தம்பி நல்லா எழுதுறான்" என்றார். லெட் யூ கோ என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "அவங்க உன்னைப் போகவிடறாங்கன்னு நினைச்சியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு விரல்களைத் திறந்தார். என் கை தொப்பென்று படுக்கையில் விழுந்தது. "இதுதான்" என்றார். லீவு இல்லை, வேலையே போய்விட்டது. எனக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

அன்று மத்தியானம் சுருட்டை நர்ஸிடம் கேட்டேன். கையில் இருந்த கரண்டியை அவள் கீழே வைத்துவிட்டாள்.

"உனக்குத் தெரியாதா? நிஜமாவே தெரியாதா?"

"தெரியாது."

"நீ யோசிக்கக்கூட இல்லை. உடனே சரின்னே. சாயங்காலம் என் கேனையெல்லாம் தூக்கிட்டுப் போனே. மனசார ஏத்துக்கிட்டேன்னு காட்டத்தான் அப்படிச் செய்றேன்னு நினைச்சேன். எனக்காக இந்த மாதிரி யாரும் எதுவும் செஞ்சதில்லை. வீட்டுக்குப் போற வழியெல்லாம் அழுதுட்டே போனேன்."

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடவில்லை. நான் உறையோடு மேலாளர் அறைக்குப் போனபோது அவள் எனக்கு முன்னால் உள்ளே இருந்தாள். தானே போய்ச் சொல்லிவிட்டாள் தம்பி. நான் கொடுத்த கடிதத்தையும் மேலாளரம்மா படித்தார். டிரைவரையும் போய்க் கேட்டார். அதுவரை அவரை யாருமே கேட்கவில்லையாம். இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல், "யூ ஸ்டே" என்றார். அவளை அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு வேலை இருக்கிறது. பெஞ்சில் எனக்கு முழு இடமும் இருக்கிறது. தூக்கமாட்டேன் என்று அன்றே தெரிந்து சொல்லியிருந்தால் வருத்தம் இல்லை. தெரிந்து சரி என்று சொல்லியிருந்தாலும் வருத்தம் இல்லை. இது எதிலும் சேராமல் நடுவில் கிடக்கிறது. மற்றவர்கள் நான் வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு அர்த்தம் நீ சொல்ல வேண்டாம்.

மேலாளரம்மா ஜூன் கடைசியில் பதினான்கு நாள் நிஜமான லீவு தருவதாகச் சொல்லியிருக்கிறார். தேதியை எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஒன்று கேட்கிறேன். வருகிறேன், வருகிறேன் என்று பக்கம் முழுக்க எழுதினேன். நீ பழியைப் பற்றி எழுதினாய், கையெழுத்தைப் பற்றி எழுதினாய். வா என்று ஒரு வார்த்தை எழுதவில்லை.

அக்கா

மே 27

தம்பிக்கு,

நான்கு வாரமாகப் பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? வேறு யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவளாவது எழுதலாம்.

இந்தத் தடவை நான் எந்த இங்கிலீஷுக்கும் அர்த்தம் கேட்கவில்லை. நீ பேசாமல் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று மட்டும் எழுது.

அக்கா

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உன்னை நான்கு வாரம் தவிக்கவிட்டது தப்பு.

அவள் இங்கே இல்லை. நீ எனக்கு முதலில் அர்த்தம் கேட்டு எழுதினாயே, அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே போய்விட்டாள். அவள் சுகமாக இருக்கிறாள் என்று எழுதினேன். சுகமாகத்தான் இருக்கிறாள், அவள் அம்மா வீட்டில்.

மூன்றாவது ஆள் ஒருத்தி வீட்டில் இருந்தால் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு குறைந்துவிடும் என்று சொல்லித்தானே நீ அந்த வேலைக்கு எழுதிப்போட்டாய். நானும் தடுக்கவில்லை. எனக்குள் ஒரு மூலையில் அப்படி ஒரு எண்ணம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வீட்டில் பேச்சு இருந்ததே நீ இருந்ததால்தான். நீங்கள் இரண்டு பேரும் சமையலறையில் வாயசைப்பதைப் பார்த்துக்கொண்டு நான் கூடத்தில் அச்சுத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன். நீ போன பிறகு அவள் யாரிடம் பேசுவாள்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதென்றால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுப் பேனா எடுக்க வேண்டும். முதல் வாரம் பக்கம் பக்கமாக எழுதினாள். அப்புறம் வரி. அப்புறம் அச்சகத்துச் சீட்டு மாதிரி மூன்று வார்த்தை. எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை போடுவதற்குக்கூடக் குரல் வேண்டும்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தால் மேஜையில் சீட்டு. "அம்மா வீட்டுக்குப் போய்வருகிறேன்" என்று எழுதியிருந்தாள். ஊருக்கெல்லாம் அர்த்தம் சொல்கிறவன், அதை எழுதியபடியே நம்பிவிட்டேன். இரண்டு மாதம் இரண்டு பேருக்குச் சமைத்தேன்.

உன்னிடம் சொன்னால் நீ போனதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேன். அதனால்தான் வா என்று எழுத முடியவில்லை. வந்தால் பார்த்துவிடுவாயே.

இப்போது எழுதுகிறேன். வா.

தம்பி

ஜூன் 16

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் நேற்று வந்தது. கடைசிப் பக்கத்தை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. உன்மேல் கோபம் இருக்கிறது. அது நேரில் வந்தால் தீரும், எழுதித் தீராது.

அவளுக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். திரும்பி வா என்று எழுதவில்லை. அதைக் கேட்க வேண்டியவன் நீ, கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம். உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பிடுகிறாயா, உன்னோடு பேசி ரொம்ப நாள் ஆகிறது என்று மட்டும் எழுதினேன். அது உண்மை.

இங்கே இரண்டு நாளைக்கு முன் கடைத்தெருவில் சுருட்டை நர்ஸைப் பார்த்தேன். வேறு ஒரு இடத்தில் சேர்ந்துவிட்டாளாம். கடைசிப் பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் நின்று பேசினாள், முன்பு மாதிரி பாதிதான் எனக்குப் புரிந்தது. புரியாத பாதிக்கு நான் தலையாட்டவில்லை. "எனக்குப் புரியலை, திருப்பிச் சொல்லு" என்றேன். சொன்னாள்.

பதினான்கு நாள்தான் இருப்பேன். அப்புறம் திரும்ப வேண்டும், எட்டுப் பேர் காத்திருப்பார்கள். வீட்டை எனக்காகப் பெருக்கித் துடைத்து வைக்காதே. எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்கட்டும். நான் இருக்கிறவரை நீ சீட்டில் எழுதக் கூடாது, வாயைத் திறந்து பேச வேண்டும். உனக்குக் கேட்காவிட்டால் என்ன, எனக்குக் கேட்கும்.

முப்பதாம் தேதி காலை வந்து சேருவேன். கதவைத் தாழ் போடாமல் வை. நான் எவ்வளவு தட்டினாலும் உனக்குத் தெரியாது.

அக்கா